தேர்தல் ஆரூடம்



தேர்தல் நாள் குறிக்கப்பட்டுவிட்டால் புதுச்சேரியில் எல்லாரும் சோதிடர்களாகி விடுகிறார்கள். கடற்கரைச் சாலையில் மாலை உலா வருபவர், பெரிய மார்க்கெட்டில் மீன் வாங்க வந்தவர், தேநீர்க் கடை வாயிலில் செய்தித்தாள் விரித்திருப்பவர், யாரைக் கேட்டாலும் இன்ன தொகுதியில் இன்னார் வெல்வார், வித்தியாசம் இத்தனை வாக்கு என்று விரல்விட்டு எண்ணிச் சொல்லுவார். பந்தயம் கட்டுவோரும் உண்டு. முடிவு வெளியானபின், சொன்னது பலித்தவர் அதனை ஐந்தாண்டு காலம் சொல்லிக்கொண்டே இருப்பார். பலிக்காதவரோ, தாம் அவ்வாறு சொல்லவே இல்லை என்று சாதிப்பார்.

இந்தத் தேர்தல் ஆரூடம் வெறும் பொழுதுபோக்குத்தானா? அதற்கு ஒரு முறையும் கணக்கும் உண்டா? அது எப்போது பலிக்கிறது, எப்போது பொய்க்கிறது? இவற்றைச் சிறிது ஆராய்ந்து பார்ப்பதே இன்றைய பேச்சின் நோக்கம். இவற்றோடு இன்னொரு கேள்வியும் என் உள்ளத்தில் எழுகிறது. ஒரு தேர்தலின் முடிவை முன்கூட்டியே ஐயத்துக்கு இடமின்றிச் சொல்லிவிட முடியுமானால், அது அந்த நாட்டுக்கு நல்ல அறிகுறியா? இந்தக் கேள்விக்கு விடை தேட நாம் தொலைவில் எங்கும் செல்ல வேண்டியதில்லை. நம் ஊரின் வரலாறே போதும்.

புதுச்சேரி மக்கள் வாக்களிக்கும் பழக்கத்தில் மிகவும் மூத்தவர்கள். பிரிட்டிஷ் இந்தியாவில் சாமானிய மனிதனுக்கு வாக்குரிமை என்பது கனவிலும் இல்லாத காலத்திலேயே, 1871ஆம் ஆண்டு முதல், பிரெஞ்சிந்திய மக்கள் பாரிஸ் நகரத்துச் சட்டமன்றத்துக்கு ஓர் உறுப்பினரைத் தேர்ந்தெடுத்து அனுப்பி வந்தார்கள். வயது வந்த ஆண்கள் அனைவருக்கும் வாக்கு உண்டு. சட்டப் புத்தகத்தில் பார்த்தால் இதைவிடச் சிறந்த குடியாட்சி வேறு இல்லை என்றே தோன்றும்.

ஆனால் நடைமுறை வேறு விதமாக இருந்தது. உள்ளூர்ச் சபைகளுக்கான தேர்தலில் 1884ஆம் ஆண்டு வாக்காளர்களை மூன்று பட்டியல்களாகப் பிரித்தார்கள். ஐரோப்பியர் ஒரு பட்டியல். தம் மரபுச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றுக்கொண்டவர்கள் ஒரு பட்டியல். மற்ற மக்கள் அனைவரும் ஒரு பட்டியல். சில நூறு பேர் அடங்கிய பட்டியலும் பல்லாயிரம் பேர் அடங்கிய பட்டியலும் சபையில் ஏறக்குறைய ஒரே எடை பெற்றன. 1899இல் மூன்று பட்டியல் இரண்டாயிற்று. குறை மட்டும் நீங்கவில்லை. இதனோடு ஊர்த் தலைவர்களின் செல்வாக்கு, பணபலம், தடியடி எல்லாம் சேர்ந்துகொண்டன. வாக்குச் சாவடியும் வாக்கு எண்ணுவோரும் யார் கையில் இருக்கிறார்கள் என்பதை அறிந்துகொண்டால் போதும். முடிவை எவரும் சொல்லிவிடலாம். வாக்காளனின் மனத்தை ஆராய வேண்டிய தேவையே இல்லை.

1914ஆம் ஆண்டு பிரெஞ்சுச் சட்டமன்றத்துக்கு நடந்த தேர்தலை ஓர் எடுத்துக்காட்டாகச் சொல்லலாம். பால் புளுய்சேன் என்பவரும் பால் ரிஷார் என்பவரும் வேறு சிலரும் போட்டியிட்டனர். அப்போது புதுவையில் வாழ்ந்த ஸ்ரீ அரவிந்தர் ரிஷாரின் நண்பர். தேர்தல் முடிந்தபின் அவர் வங்காளத்து அன்பர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில், புதுவையிலும் காரைக்காலிலும் ரிஷார் என்று அச்சிட்ட சீட்டுகளையெல்லாம் புளுய்சேன் என்று படித்தே எண்ணிவிட்டார்கள் எனும் பொருள்பட நகைச்சுவையுடன் குறிப்பிட்டிருக்கிறார். இருவருக்கும் ‘பால்’ என்ற பெயர் அமைந்தது அந்தக் காரியத்துக்கு வசதியாகப் போயிற்று போலும்! அத்தகைய தேர்தலில் ஆரூடம் சொல்வது மிக எளிது. அந்த ஆரூடம் பொய்ப்பதுமில்லை.

இன்னும் அண்மைக் காலத்துக்கு வருவோம். 1951இல் அதே பாரிஸ் சட்டமன்றத்துக்கு நடந்த தேர்தலில் எதுவார் குபேர் தொண்ணூறாயிரம் வாக்குகளை ஒட்டிப் பெற்று வென்றார். அதுவரை உறுப்பினராக இருந்த லாம்பேர் சரவணன் அவர்களுக்குக் கிடைத்தவை இருநூறு வாக்குகள்கூட இல்லை. அந்தக் கணக்கை மட்டும் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் அன்று எதிர்காலத்தைக் கணித்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்? பிரெஞ்சு ஆட்சியோடு ஒட்டி நின்ற கட்சிக்கே மக்கள் ஒருமுகமாக ஆதரவு தந்துவிட்டார்கள். ஆகவே இந்தியாவோடு இணைவது நெடுங்காலத்துக்கு நடவாது என்றுதானே சொல்லியிருப்பார்?

நடந்தது என்ன? மூன்றே ஆண்டுகளில், 1954 மார்ச் மாதத்தில், அதே குபேர் அவர்கள் இணைப்பு அணிக்கு வந்து சேர்ந்தார். அவ்வாண்டு அக்டோபர் 18ஆம் நாள் கீழூர் என்னும் சிற்றூரில் மக்கள் பிரதிநிதிகள் கூடி வாக்களித்தனர். 178 பேரில் 170 பேர் இந்தியாவோடு இணைவதற்கு இசைந்தனர். 8 பேர் மறுத்தனர். நவம்பர் முதல் நாள் ஆட்சி கைமாறியது. 1962 ஆகஸ்டு 16ஆம் நாள் அது சட்டப்படி முழுமை பெற்றது. தொண்ணூறாயிரம் வாக்குகள் மக்களின் மனத்தை அறிவிக்கவில்லை என்பது மூன்றாண்டுகளில் தெரிந்துவிட்டது. அவை ஓர் அமைப்பின் வலிமையை அறிவித்தனவே ஒழிய வேறொன்றையும் அறிவிக்கவில்லை.

கீழூர் வாக்கெடுப்பின் முடிவும் முன்பே தெரிந்ததுதானே என்று நீங்கள் கேட்கலாம். உண்மை, பெரும்பாலோர் தம் கருத்தை முன்னரே வெளியிட்டுவிட்டார்கள். ஆயினும் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று தெளிவாகத் தெரிந்த பிறகும், எட்டுப் பேர் மறுத்து வாக்களிக்க முடிந்தது. அந்த எட்டு வாக்குகளும் எண்ணப்பட்டன. எட்டு என்றே அறிவிக்கப்பட்டன. 1914ஆம் ஆண்டு ரிஷாரின் சீட்டுகளுக்கு நேர்ந்ததோடு இதனை ஒப்பிட்டுப் பாருங்கள், வேற்றுமை விளங்கும். அடுத்த ஆண்டு, 1955இல், பிரதிநிதிகள் சபைக்குத் தேர்தல் நடந்தபோது போட்டி கடுமையாக இருந்தது. எதிரணி வலுவாக வந்து அமர்ந்தது. புதுச்சேரியில் ஆரூடம் சொல்வது அன்றுதான் கடினமாயிற்று எனலாம்.

இனி, தேர்தலைக் கணிப்பதற்கென்று வளர்ந்துள்ள முறையைப் பார்ப்போம். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று நம் வீட்டுப் பெண்மணிகள் நெடுங்காலமாக அறிந்துவைத்திருப்பதைத்தான் கணித அறிஞர்கள் மாதிரிக் கணக்கெடுப்பு என்கிறார்கள். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. சோற்றை நன்றாகக் கிளறிவிட்டுத்தான் பதம் பார்க்க வேண்டும். மேலாக இருக்கும் பருக்கையை எடுத்துப் பார்த்துவிட்டு, அடியில் இருப்பதும் வெந்துவிட்டது என்று சொல்லிவிடக் கூடாது.

இந்த உண்மையை அமெரிக்காவில் ஒரு பத்திரிகை பெருநஷ்டப்பட்டு அறிந்துகொண்டது. 1936இல் ‘லிட்டரரி டைஜஸ்ட்’ என்னும் அந்த வார இதழ் ஏறக்குறைய ஒரு கோடி பேருக்குக் கேள்விச் சீட்டு அனுப்பியது. இருபது லட்சத்துக்கு மேற்பட்ட விடைகள் வந்தன. அவற்றைக் கொண்டு, ஜனாதிபதி ரூஸ்வெல்ட் தோற்பார் என்று அறிவித்தது. ரூஸ்வெல்ட்டோ 48 மாநிலங்களில் 46இல் வென்றார். பிழை எங்கே? தொலைபேசியும் மோட்டார் வண்டியும் வைத்திருந்தவர்களின் முகவரிகளையே அந்த இதழ் பெரிதும் நாடியது. அது வறுமை சூழ்ந்த காலம். மோட்டார் இல்லாதவர்கள்தாம் நாட்டில் மிகுதி. அதே தேர்தலில் காலப் என்னும் ஆராய்ச்சியாளர் மிகக் குறைந்த தொகையினரை, ஆனால் பல தரப்பாரையும் கலந்து கேட்டு, வெல்பவரைச் சரியாகச் சொன்னார். அவரும் 1948இல் சறுக்கினார். தேர்தலுக்குச் சில வாரங்கள் இருக்கும்போதே கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டார்; மக்கள் அதற்குப் பிறகு மனம் மாறினார்கள்; ட்ரூமன் வென்றார்.

அந்நாட்டில் மாநில ஆளுநரையும் மக்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். 2021 நவம்பரில் நியூ ஜெர்சி மாநிலத்தில் அத்தகைய தேர்தல் நடந்தது. பதவியிலிருந்த ஆளுநர் பில் மர்ஃபி 11 விழுக்காடு முன்னணியில் இருப்பதாக மான்மத் பல்கலைக்கழகத்தின் கணிப்பு கூறிற்று. அவர் வென்றது உண்மை. ஆனால் வித்தியாசம் 3 விழுக்காட்டை ஒட்டியே இருந்தது. அந்தக் கணிப்பை நடத்தியவர் பத்திரிகையில் வெளிப்படையாக எழுதித் தம் தவற்றை ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவித்தார். வெல்பவரைச் சரியாகச் சொல்லியும் அவர் வருந்தினார் என்பதைக் கவனியுங்கள். அத்தகைய நேர்மை நம்மிடையேயும் வளர வேண்டும்.

நம் புதுச்சேரியிலோ துணைநிலை ஆளுநரைக் குடியரசுத் தலைவர் நியமிக்கிறார். அதற்குத் தேர்தல் இல்லை. நம் ஆரூடமெல்லாம் சட்டமன்றத்தின் 30 இடங்களைப் பற்றியதே. 30 இடங்கள்தாமே, எளிதாகக் கணித்துவிடலாம் என்று பலர் எண்ணுகின்றனர். உண்மை நேர்மாறானது. அதன் கணக்கைச் சொல்லுகிறேன்.

ஆயிரம் பேரை முறையாகத் தேர்ந்தெடுத்துக் கேட்டால், கிடைக்கும் விடையில் இப்புறமோ அப்புறமோ 3 விழுக்காடு பிழை நேரலாம். கோடிக்கணக்கான மக்கள் உள்ள நாட்டுக்கும் இதே கணக்குத்தான். சில பதினாயிரம் பேர் உள்ள தொகுதிக்கும் ஏறக்குறைய இதே கணக்குத்தான். 2021இல் புதுச்சேரி ஆட்சிப் பகுதி முழுமைக்கும் வாக்காளர்கள் 10 லட்சத்தை ஒட்டி இருந்தார்கள். தொகுதிக்குச் சராசரி 33,000 பேர். அவர்களில் 27,000 பேர் வாக்களிப்பதாகக் கொள்வோம். 3 விழுக்காடு என்பது 810 வாக்குகள். ஒருவருக்கு 810 குறைந்து, அது போட்டியாளருக்கு 810 கூடினால், வித்தியாசம் 1,620 வாக்குகள் மாறிவிடும். நம் ஊரில் அதைவிடக் குறைந்த வாக்கு வித்தியாசத்தில் வென்றவர்களும் தோற்றவர்களும் உண்டு. 2021 தேர்தலில் ஏனாம் தொகுதியில் ஒரு சுயேச்சை வேட்பாளர் 700க்கும் குறைந்த வித்தியாசத்தில் வென்றார். அவரிடம் தோற்றவர் யார் தெரியுமா? தட்டாஞ்சாவடித் தொகுதியிலும் நின்று வென்று, பின்னர் முதலமைச்சராகப் பொறுப்பேற்ற என். ரங்கசாமி அவர்களே.

மேலும் முப்பது தொகுதிக்கும் தனித்தனியே ஆயிரம் பேரைக் கேட்பதென்றால் முப்பதாயிரம் வீடுகளுக்குச் செல்ல வேண்டும். அவ்வளவு செலவும் உழைப்பும் எளிதில் கூடுவதில்லை. ஆகவே சில தொகுதிகளில் மட்டும் கேட்டுவிட்டு மற்றவற்றுக்கு ஊகித்துக்கொள்ளுகிறார்கள். புதுச்சேரிக்கு அந்த ஊகம் பொருந்துவதில்லை. 23 தொகுதிகள் புதுவைப் பகுதியிலும், 5 காரைக்காலிலும், ஒன்று கேரளக் கரையிலுள்ள மாகேயிலும், ஒன்று ஆந்திரத்துக் கோதாவரிக் கழிமுகத்திலுள்ள ஏனாமிலும் இருக்கின்றன. மூன்று மொழிகள், இரண்டு கடல்கள். முத்தியால்பேட்டையில் வீசும் அலை மாகேக்கு எட்டுவதில்லை.

மக்கள் தொகை குறைவாக இருப்பதால் இன்னொன்றும் நேருகிறது. வேட்பாளரை வாக்காளர் நேரில் அறிவார். திருமணத்துக்கு வந்தாரா, துக்கத்துக்கு வந்தாரா, மழை வெள்ளத்தில் வந்து எட்டிப் பார்த்தாரா என்பதெல்லாம் நினைவில் இருக்கும். கட்சியின் பெயரை மட்டும் வைத்து எழுதும் கணக்கு அங்கே தடுமாறும். 2021இல் முன்னணிக் கணிப்புகள் வெல்லும் கூட்டணியைச் சரியாகவே சொல்லின. ஆனால் கட்சி சாராத ஆறு சுயேச்சைகள் வெல்வார்கள் என்பதை அவை காணவில்லை. 30இல் 6 என்பது ஐந்தில் ஒரு பங்கு. அதற்கு முன்னர் 2011இலும் ஒரு புதுமை நிகழ்ந்தது. பிப்ரவரி மாதத்தில் தொடங்கிய அகில இந்திய என்.ஆர். காங்கிரஸ் கட்சி, ஏப்ரல் மாதத் தேர்தலில் 15 இடங்களை வென்று ஆட்சி அமைத்தது. பழைய தேர்தல் புள்ளிகளைக் கொண்டு கணிப்பவர், பழைய புள்ளியே இல்லாத ஒரு கட்சியை எங்ஙனம் கணிப்பார்?

மக்கள் தீர்ப்பைச் சரியாகக் கணித்துவிட்டாலும் ஆட்சியைக் கணித்ததாகாது. 1974 மார்ச்சில் எஸ். ராமசாமி அவர்கள் தலைமையில் அமைந்த அமைச்சரவை 22 நாட்களே நிலைத்தது. 2021 பிப்ரவரியில், தேர்தலுக்குச் சில வாரங்களே இருந்தபோது, வி. நாராயணசாமி அவர்களின் அமைச்சரவை உறுப்பினர்களின் விலகலால் பெரும்பான்மை இழந்து பதவி விலகியது. முப்பது பேர் அவையில் இருவர் மூவர் மனம் மாறினால் எல்லாமே மாறிவிடுகிறது. தேர்ந்தெடுக்கப்படாமல் நியமனம் பெறும் மூன்று உறுப்பினர்களுக்கும் அவையில் வாக்கு உண்டு என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இவ்வளவு இடர்ப்பாடுகள் இருப்பது கண்டு நாம் வருந்த வேண்டுமா? வேண்டாம் என்பதே என் கருத்து. இரகசிய வாக்கு உயிரோடு இருப்பதனால்தான் கணிப்பவர் தடுமாறுகிறார். கேள்வி கேட்க வருபவரிடம் ஒரு விடையைச் சொல்லிவிட்டு, திரைக்குப் பின்னே வேறொரு பொத்தானை அழுத்தும் உரிமை வாக்காளருக்கு இருக்கிறது. இருவரிடமும் தலையாட்டிவிட்டுத் தம் மனம் சொல்வதைச் செய்யும் ஏழைப் பெண்மணியின் கையில் 1914இல் இல்லாத ஒரு வலிமை இன்று இருக்கிறது. பத்தாம் நூற்றாண்டில் உத்திரமேரூர்ச் சபையினர் குடவோலையை எடுக்க ஒன்றும் அறியாத சிறுவனை அழைத்தார்களே, அதன் கருத்தும் இதுதான். முடிவு எவர் கைக்குள்ளும் முன்கூட்டி அடங்கியிருக்கலாகாது.

ஆனால் இவ்வலிமையைக் காக்கவும் வேண்டியிருக்கிறது. 2001 முதல் நம் தொகுதிகளில் மின்னணு எந்திரத்தால் வாக்களிக்கிறோம். எந்திரம் ஒவ்வொன்றையும் தனித்தனியே எண்ணுவதால், எந்தச் சாவடியில் யாருக்கு எத்தனை வாக்கு என்பது வெளியாகிவிடுகிறது. சாவடி ஒன்றுக்கு ஏறக்குறைய ஆயிரம் பேர். அது சில தெருக்களே. எந்தத் தெரு வாக்களித்தது, எந்தத் தெரு வாக்களிக்கவில்லை என்று வென்றவர் அறிந்துகொண்டால், தோற்ற தெருவின் குடிநீர்க் குழாய்க்கும் சாக்கடைக்கும் என்ன ஆகும்? வாக்குச் சீட்டுக் காலத்தில் பல சாவடிகளின் சீட்டுகளைக் கலந்து எண்ணுவதற்கு விதியில் இடம் இருந்தது. பல எந்திரங்களின் வாக்கைக் கூட்டி மொத்தமாகக் காட்டும் கருவியைப் பயன்படுத்தலாம் என்று தேர்தல் ஆணையம் 2008இல் யோசனை கூறிற்று. 2015இல் சட்ட ஆணையமும் அதனை ஆதரித்தது. 2021 தேர்தல் வரையில் அது நடைமுறைக்கு வரவில்லை. சாவடிக் கணக்கை வைத்து அடுத்த தேர்தலைக் கணிப்பது சுலபம். ஆனால் அந்தச் சுலபம் பழைய காலத்துப் பட்டியல்களை எனக்கு நினைவூட்டுகிறது.

வாக்குப்பதிவு நடந்துகொண்டிருக்கும்போது கணிப்புகளை வெளியிடலாகாது என்று சட்டம் தடை செய்கிறது. முதற் கட்டம் தொடங்கியது முதல் கடைசிக் கட்டம் முடிந்து அரை மணி நேரம் வரை, வாக்களித்து வெளியே வருபவரைக் கேட்டுத் தொகுத்த முடிவுகளை எவரும் வெளியிடக் கூடாது. 2009இல் நிறைவேறிய திருத்தம் இது. நன்மையான விதி. வாக்களிக்கக் காத்திருப்பவரிடம், முடிவு தெரிந்துவிட்டது, நீ வருவானேன் என்று எவரும் சொல்லலாகாது அல்லவா?

அவ்வாறாயின் கணிப்புகளே வேண்டாவா? அப்படிச் சொல்லவில்லை. நேர்மையான கணிப்பு, மக்கள் எதனால் துன்புறுகிறார்கள், எதை விரும்புகிறார்கள் என்பதை ஆள்வோருக்கு அறிவிக்கும். கேட்பவர்கள்தாம் சில கேள்விகளைக் கேட்டுப் பார்க்க வேண்டும். எத்தனை பேரிடம் கேட்டார்கள்? எவ்வாறு தேர்ந்தெடுத்தார்கள்? எந்த நாளில் கேட்டார்கள்? செலவு யாருடையது? பிழை எவ்வளவு என்று சொல்லுகிறார்களா? 2004இல் நாடாளுமன்றத் தேர்தலைப் பெரும்பாலான கணிப்புகள் தவறாகவே சொல்லின. 2024இல் வென்ற கூட்டணிக்கு 350 இடங்களுக்கு மேல் என்று பல கணிப்புகள் கூறின, கிடைத்தவை 293. இவற்றை நினைவில் வைத்துக்கொண்டால், இனி வரும் ஆரூடங்களைப் பதற்றமின்றிக் கேட்கலாம்.

அடுத்த தேர்தலின்போது தேநீர்க் கடை நண்பர் ஒருவர், “எல்லாம் முடிந்துவிட்டது, இன்னார்தான் வருவார்” என்று உங்களிடம் உறுதி கூறுவார். மறுத்துப் பேச வேண்டியதில்லை. புன்னகையோடு கேட்டுவிட்டு, தேநீருக்குக் காசு கொடுத்துவிட்டு, நேரே வாக்குச் சாவடிக்குச் செல்லுங்கள். அவருடைய கணக்கில் இன்னும் சேராத ஒரு வாக்கு உங்களிடம் இருக்கிறது.